மூன்று பக்க ஒப்புதல்

மனிதர்களின் மனசாட்சிக்கு மதிப்பெண் போடுவது என் வேலையாக இருந்தது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, நடுவில் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக, பதினொரு ஆண்டுகள் அதைச் செய்தேன். யாருடைய மனசாட்சியையும் நான் குறைத்துப் போட்டதில்லை. ஐயம் வந்தால் அரை மதிப்பெண் கூட்டித்தான் போடுவேன். அவர்களுக்கும் குடும்பம் இருக்கும் அல்லவா.

எங்கள் ஆய்வு நிறுவனம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் கண் மருத்துவமனை. ஆகவே எங்களைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர், சொட்டு மருந்து விட்டுக்கொண்ட கண்களோடு படி மாறி ஏறியவர்களாகவே இருப்பார்கள். அவர்களையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம். பரிவைப் பற்றி ஆராய்கிற இடம் என்பதால் அந்த அளவுக்காவது செய்ய வேண்டியிருந்தது.

ஆய்வு எளிமையானது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் நூற்று இருபது பேரை அழைத்து, சில நிகழ்ச்சிகளைச் சொல்லி, "இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், ஏன்?" என்று கேட்டிருந்தார்கள். அதே பிள்ளைகளுக்கு முப்பது வயதானபோது மீண்டும் அழைத்து, அதே நிகழ்ச்சிகளைச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டார்கள். இளம்பருவத்திலிருந்து முதிர்ச்சிக்கு வருவதற்குள் ஒருவரிடம் பரிவும் நியாய உணர்வும் எப்படி வளர்கின்றன என்று காண்பதே நோக்கம். வளர்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லை. எப்படி வளர்கின்றன என்றுதான் கேட்டோம். இந்த வேறுபாடு பின்னர்தான் எனக்கு உறைத்தது.

அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஒருவரைக் கேலி செய்கிறார்கள், நீங்களும் சிரித்துவிடுகிறீர்கள், அவர் பேசாமல் எழுந்து வெளியே போகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? இதற்கு வந்த பதில்களை ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஆறு வரை நான் படி பிரிக்க வேண்டும். 'திட்டு விழும்' என்று பயந்தால் ஒன்று. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்றால் மூன்று. எதிராளியின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்து, தனக்கு வரும் இழப்பையும் பொருட்படுத்தாமல் முடிவெடுத்தால் ஆறு. நீளமாகப் பேசினால் கூடுதல் மதிப்பெண் என்று கையேட்டில் எங்கும் எழுதவில்லை. ஆனால் எப்படியோ அப்படித்தான் அமைந்தது.

மதிப்பெண் போடுகிறவருக்குப் பதில் சொன்னவரின் வயது தெரியக் கூடாது என்பது விதி. அதனால் இரண்டு வயதுப் பதில்களையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துத் தட்டச்சு செய்து, வயதைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தாளின் தலையிலும் ஓர் எண்ணை ஒட்டி, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனி உறையில் மூடி என்னிடம் கொடுப்பார்கள். கொடுப்பார்கள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கொடுத்தது ஒரே ஒருத்தி. விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும் என்பதால் அலுவலகம் முழுவதும் அவளைப் பசை என்றே கூப்பிட்டது. அவளும் தொலைபேசியை எடுத்தால் "பசைதான் பேசறேன்" என்பாள். ஆசிரியர், மேலதிகாரி, மாமனார் எல்லோரும் அவள் கையில் 'பெரியவர்' ஆகிவிடுவார்கள். தோழி, மனைவி, காதலன் எல்லோரும் 'நெருங்கியவர்'. "என் கையில வந்தா எல்லாரும் ஒரே வயசு, அக்கா" என்று சிரிப்பாள்.

ஆறு ஆண்டுகளாக அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். அந்த ஆண்டு அவளை நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையல் இடமும் கிடைக்கும். அப்போது அவளும் அவளுடைய மூன்று வயது மகனும் அவள் அக்காவின் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சியை எப்போது அணைப்பார்கள் என்று காத்திருந்து படுத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாத் தாள்களுக்கும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, எண் பட்டியலைப் பிரித்து, எது பதினைந்து வயதுத் தாள், எது முப்பது வயதுத் தாள் என்று கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. முடிவு வந்தது. பதினைந்து வயதின் சராசரி இரண்டுக்குச் சற்று மேல். முப்பது வயதின் சராசரி ஐந்தைத் தொட்டிருந்தது. எங்கள் இயக்குநர் மகிழ்ச்சியில் அறைக்கு அறை வந்து சொன்னார்.

"பாத்தீங்களா? பதினஞ்சு வருஷத்துல ஒரு மனுஷன் எவ்வளவு பழுத்துப் போறான்! நான் அப்பவே சொன்னேன்ல?"

அவர் எப்போதும் அப்போதே சொல்பவர். பெரிய மாநாடு ஒன்றில் அதைப் பேசிக் கைதட்டலும் வாங்கி வந்தார். வரவேற்பறைச் சுவரில் அந்தக் கோட்டை ஓவியரை வைத்து ஆளுயரத்துக்கு வரையச் செய்தார். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு, மலைப்பாதை போல.

நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தாள்களின் நகல்களை வாங்கிச் சரிபார்த்தவர்கள் மிகுந்த பணிவோடு ஒரே ஒரு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதினைந்து வயதுப் பதில் என்று நாங்கள் குறித்த ஒரு தாளில், 'என் மாமியார் கேட்டால் என்ன சொல்வேன்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது எவ்வாறு?

பசை திருத்தத் தவறிய ஒரே சொல் அந்த மாமியார்.

இயக்குநரின் அறையில் கூடினோம். அவர் மூலத் தாள்களில் பத்தை எடுத்துவரச் சொல்லி, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். பத்தும் இடம் மாறியிருந்தன. சின்னவர்கள் சொன்னது பெரியவர்கள் பேரிலும், பெரியவர்கள் சொன்னது சின்னவர்கள் பேரிலும் இருந்தது.

"யார் நம்பர் ஒட்டினது?" என்றார்.

"நான்தான் மேடம்" என்றாள் பசை. "ஆனா சரியாத்தான் ஒட்டினேன்."

"சரியா ஒட்டினா பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்படிம்மா மாமியார் வந்தாங்க?"

"அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டேன் மேடம், அது என் தப்புதான். ஆனா பெட்டியை மாத்தல."

இயக்குநர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏத்தினது?"

"பட்டியலில் உள்ளபடிதான் மேடம்" என்றேன். அந்த நிமிடம் வரை அது உண்மை என்றே நம்பினேன்.

"அப்புறம் என்ன? பெட்டியையே மாத்தி வச்சு ஒட்டியிருக்கா. அடுத்த வியாழக்கிழமை குழு கூடுது. நிரந்தரம்லாம் இனிமே பேச முடியாது. ஒப்பந்தத்தையே புதுப்பிக்கலாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

பசை விரல் நுனியில் காய்ந்திருந்ததை உரித்துக்கொண்டே வெளியே போனாள்.

நான் என் இடத்துக்கு வந்து, மேசை இழுப்பறையைத் திறந்து, எண் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒருவருடைய இரண்டு தாள்களின் எண்கள், பக்கத்தில் பக்கத்தில். யார் கையில் சிக்கினாலும் புரியக் கூடாது என்பதற்காகத் தலைப்பு எழுத மாட்டோம். இடது பக்கம் பதினைந்து, வலது பக்கம் முப்பது என்பது எங்கள் நெடுநாள் வழக்கம். உறையின் உட்புறத்தில் ஒரு சிறு துண்டுக் காகிதம், நான்கு மூலையும் தூக்காமல் நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தது. அதில், 'இந்த முறை புதியதை இடப்பக்கம் போடு. பார்க்க எனக்கு வசதி' என்று எழுதியிருந்தது.

கையெழுத்து என்னுடையது.

நான் சொன்னபடியே அவள் புதியதை, அதாவது முப்பது வயதுத் தாளின் எண்ணை, இடப்பக்கம் போட்டிருக்கிறாள். சொன்னதை நான் மறந்துவிட்டு, பழைய வழக்கப்படி ஏற்றியிருக்கிறேன். பட்டியலைப் பிரித்து ஏற்றுவது எனக்கு மட்டுமே உரிய வேலை என்பதால், என் கையில் அது எப்படித் தலைகீழானது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. மணி நான்கு. கீழே கண் மருத்துவமனையில் யாரையோ அடுத்த எண் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, பரிவு என்பதைச் சொல்லியாக வேண்டும். இயக்குநரை நினைத்தேன். ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்த பெண்மணி. பதினொரு ஆண்டு பழகிய மூத்த ஊழியரே இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் மனம் உடைந்துபோவார். கணவரை நினைத்தேன். எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் குனிந்து கண்ணாடி பொருத்துகிறவர்; கழுத்துவலிக்காரர்; வீட்டுச் சுமை முழுவதையும் அவர்மேல் போடுவது நியாயமா? இந்த நிறுவனத்தை நம்பித் தம் உள்ளத்தைத் திறந்து காட்டிய நூற்று இருபது பேரை நினைத்தேன். கடிதம் எழுதிய பல்கலைக்கழகத்தாரைக்கூட நினைத்தேன். பசையை நினைக்காமல் இல்லை. அவள் இளையவள், கைவேகம் உள்ளவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுடைய இடத்தில் நின்று பார்த்தேன்; அங்கிருந்து பார்க்க அந்த இடம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

கையேட்டின்படி அன்று மாலை நான் ஆறாம் படியில் இருந்தேன்.

செவ்வாயும் புதனும் அந்தப் படியிலேயே கழிந்தன. வியாழன் அன்று பசை எனக்கு வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிய பிறகு குடித்தேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். கணவர் சட்டைகளுக்குப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வயது மகள் தன்னுடைய துணிகளை மட்டும் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பொதுவாகப் பேச்செடுப்பதுபோல் எடுத்தேன்.

"ஒரு அலுவலகத்துல ஒருத்தங்க தெரியாம ஒரு தப்புப் பண்ணிடறாங்கன்னு வச்சுக்கோ. அந்தப் பழி வேற ஒருத்தங்க மேல போகுது. அப்போ அவங்க..."

"நீதானே அது?" என்றாள் மகள்.

"நான் பொதுவாத்தான்..."

"அம்மா, நீ பொதுவா பேசினா அது நீதான். பழி யார் மேல?"

சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"பசை அக்கா மேலயா? அப்போ போய்ச் சொல்லு. இப்பவே போன் பண்ணு."

"ஏன் சொல்லணும்னு நினைக்கிற?" என்று கேட்டேன். பதினொரு ஆண்டுப் பழக்கம், விடாது.

"ஏன்னா? இதுல என்ன ஏன்? பசை அக்கா பாவம்!"

"எங்க இயக்குநர் மேடம் மாட்டியிருந்தா?"

"அந்தம்மா மாட்டினா மாட்டட்டும். என்னைப் பார்த்தா பேர் கேட்காம மார்க் கேட்கும்."

அரை மனத்தோடு மூன்று போடலாம் என்று எண்ணிக்கொண்டேன். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கிற நியாயம். இருந்தாலும், அவள் முகம் சிவந்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அதை எந்தப் படியில் வைப்பதென்று கையேடு சொல்லியிருக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"சொன்னா எனக்கு வேலை போனாலும் போகும்" என்றேன். "பரவாயில்லை. வாடகை குறைஞ்ச வீடாப் பார்க்கலாம். உனக்குத் தனி அறை இருக்காது, அவ்வளவுதான். நீச்சல் வகுப்பையும் நிறுத்திக்கலாம்."

மகள் கீழே போட்ட துணியை எடுத்தாள். மெதுவாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நேரா சொல்லணும்னு இல்ல" என்றாள்.

"பின்னே?"

"ஜாடையா சொல்லேன். அவங்களுக்கும் புரியணும், உனக்கும் எதுவும் ஆகக் கூடாது. அந்த அம்மாவுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும்ல? எல்லார் பக்கத்தையும் பார்க்கணும்ல?"

பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டு நாங்கள் ஆராய்ந்த வளர்ச்சி, என் கண் முன்னால், ஒரு கூடைத் துணி மடிப்பதற்குள் நடந்து முடிந்தது.

கணவர் சட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஜாடையா சொல்றதுல உங்கம்மாவை மிஞ்ச ஆளே இல்ல. கல்யாணமான புதுசுல என் குறட்டையைப் பத்தி ஜாடையா சொன்னா. ஆறு மாசம் நான் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சொல்றான்னு நினைச்சு அவர்மேல பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் சொன்னதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு முழுவதும் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. 'பெருமதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, முதல் பக்கத்தில் நிறுவனத்தின் அரும்பணிகளையும், இரண்டாம் பக்கத்தில் பசையின் ஆறு ஆண்டு உழைப்பையும் எடுத்துரைத்தேன். மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வந்தேன். 'அண்மையில் நிகழ்ந்துவிட்ட வருந்தத்தக்க இடமாறுதலில், இப்பணியில் உடனிருந்த ஒவ்வொருவருக்கும், குறிப்பாக வயதிலும் அனுபவத்திலும் மூத்தவளாகிய எனக்கு, ஏதேனும் ஒரு வகையில் பங்கு இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்றும், பட்டியலின் இடவல அமைப்பை உணர்ந்துகொள்வதில் ஏற்பட்டிருக்கக்கூடிய தடுமாற்றமும் ஒரு காரணமாய் அமைந்திருக்கலாம் என்றும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்ள விழைகிறேன்.'

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட களைப்பில் பகலிலேயே தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கடிதத்தை இயக்குநரின் மேசையில் வைத்தேன். செவ்வாய் ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை எல்லா ஊழியர்களையும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். இயக்குநர் கையில் என் மூன்று பக்கம். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முழுவதையும் வாசித்தார். மூன்றாம் பக்கத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"இதைக் கேட்டீங்களா?" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "கூட வேலை பார்க்கற ஒரு சின்னப் பொண்ணு மாட்டிக்கிட்டான்னு, தான் செய்யாத தப்புல தனக்கும் பங்கு இருக்குன்னு எழுதியிருக்காங்க. இதுதான் ஆறாம் படி. நாம பேப்பர்ல தேடிக்கிட்டு இருந்தது நம்ம ரூம்லயே உட்கார்ந்திருக்கு!"

கைதட்டினார்கள். கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

"ஆனா" என்று இயக்குநர் கையை உயர்த்தினார், "கருணை வேற, ஒழுங்கு வேற. நாளைக்குக் குழு தன் முடிவை எடுக்கத்தான் செய்யும். போகப்போற பொண்ணுக்கு ஒரு நல்ல சான்றிதழ் கொடுத்து அனுப்பலாம். அடுத்த மாசத்திலிருந்து புது ஊழியர்களுக்குப் பரிவுப் பயிற்சி தொடங்கறோம். அதை இவங்களே நடத்துவாங்க."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கைதட்டுகிறவர்களை இடைமறிப்பது பண்பாக இருக்காது என்று தோன்றியது. ஓய்ந்தபோது எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள்.

மாடிப்படித் திருப்பத்தில் பசை நின்றிருந்தாள். நான் வந்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, எனக்காக மூணு பக்கம்! என் கூடப் பிறந்தவளே 'நீ எப்பவும் கவனக்குறைவுதான்'னு சொல்லிட்டா. நீங்க ஒருத்தங்கதான்..."

என் கை என்னையறியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் தப்பே பண்ணலன்னு அன்னிக்கு அவ்வளவு உறுதியா சொன்னேன்ல" என்று மூக்கை உறிஞ்சினாள். "இப்போ அப்படித் தோணல, அக்கா. பெட்டியை மாத்தித்தான் வச்சிருப்பேன் போல இருக்கு. நேத்து அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். காலையில பையனுக்குச் செருப்பு மாட்டறேன், எது வலது எது இடதுன்னு என் கண்ணையே நம்ப முடியல. அவன் சிரிக்கிறான், 'அம்மா, இதும்மா'ன்னு காட்டறான்."

"நீ மாற்றி வைக்கவில்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றாள். "நீங்க நல்லவங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் இடம் மோசமில்லை என்று நான் முடிவு செய்தபோது, வேலை போவதை மட்டும்தான் எண்ணிப் பார்த்திருந்தேன். ஓர் ஆளைத் தன் கையையே சந்தேகிக்க வைக்க முடியும், அதையும் மரியாதையாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கையேட்டில் அதற்குப் படி இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. இயக்குநரும் வெளியிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்களும். கூப்பிடும்போது உள்ளே வர வேண்டும் என்று பசையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டி, கூப்பிடாமலேயே உள்ளே நுழைந்தேன். கதவைச் சாத்தத் தோன்றவில்லை.

"வாங்க வாங்க" என்றார் இயக்குநர். "உங்க கடிதத்தைத்தான் இவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன்."

"மேடம், நான்தான் பண்ணினேன்."

உறுப்பினர்களில் மூத்தவர் தலையாட்டினார். "எவ்வளவு பெருந்தன்மை பாருங்க."

"பெருந்தன்மை இல்லைங்க. நான்தான்."

"மூத்தவங்கங்கற முறையில நீங்க பொறுப்பு எடுத்துக்கறது..."

"எடுத்துக்கல. என்னோடது." பட்டியலை மேசைமேல் வைத்து உறையைத் திறந்தேன். "புதுசை இடது பக்கம் போடச் சொன்னது நான். அவ சொன்னபடி போட்டிருக்கா. நான் மறந்துட்டு மாத்தி ஏத்திட்டேன். அவ ஒரு நம்பர்கூடத் தப்பா ஒட்டல. இது என் கையெழுத்து."

என் வாழ்நாளில் 'பணிவுடன்' இல்லாமல் நான் பேசிய முதல் வாக்கியங்கள் அவைதாம். மூவரும் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார்கள்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார் இயக்குநர்.

"சொன்னேன் மேடம். மூணாம் பக்கத்துல."

அவர் கடிதத்தைப் புரட்டி, அந்த வரியின் கீழ் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். "இதுவா? 'இடவல அமைப்பை உணர்ந்துகொள்வதில்'... இது ஒப்புதலா? நான் இதை நல்ல நடைன்னு நினைச்சேன்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார் மூத்தவர்.

"போன வாரம் திங்கட்கிழமை. சாயந்தரம் நாலு மணிக்கு."

வெளியே பெஞ்சு கிரீச்சிட்ட சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அன்று மாலையே பசையை நிரந்தரமாக்கும் ஆணையில் கையெழுத்தாயிற்று. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மதிப்பெண் போடும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டேன். பரிவுப் பயிற்சியை வேறொருவர் நடத்துவார். ஆனால் வேலை போகவில்லை. இயக்குநருக்கும் பெரிய இழப்பு இல்லை. சின்னவர்கள்தாம் நீளமாக நல்லது பேசினார்கள், பெரியவர்கள் 'தெரியலீங்க, அந்த நேரத்துலதான் பார்க்கணும்' என்று நிறுத்திக்கொண்டார்கள் என்பது தெரிந்ததும், அவர் இரண்டு நாள் யோசித்து, 'முதிர்ச்சியில் பரிவு சொற்களைத் துறக்கிறது' என்று புதிய கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றும் சொன்னார்.

வீட்டில் மகளிடம் சொன்னபோது அவள் துள்ளினாள். "வேலை போகலயா? அப்போ முதல்லயே நேரா சொல்லியிருக்கலாமேம்மா!" என்றாள்.

மறுவாரம் இருநூற்று நாற்பது தாள்களையும் முதலிலிருந்து ஏற்றச் சொன்னார்கள். பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பவர் பசை. ஏற்றுபவள் நான். ஆவண அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் பெட்டிகள். அவள் நகங்கள் சுத்தமாக இருந்தன. அந்த வாரம் ஒட்டுகிற வேலை இல்லை.

"குடியிருப்பில் அறை பார்த்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்."

"பையனுக்குப் பிடித்திருக்கிறதா?"

அவள் பட்டியலைப் பிரித்து மேசையில் நேராக வைத்தாள். "பத்து நாள்" என்றாள். "நான் படியில உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதேன். அப்போ உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே முதுகைத் தட்டிக் கொடுத்தீங்க."

"அந்தச் சூழ்நிலையில் உன் நிலையையும் ஏனையோரின் நிலையையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய..."

"வேண்டாம்" என்றாள். சத்தம் போடவில்லை. "நம்பரைப் படிக்கட்டுமா?"

"படி."

"நூத்தி ஏழு. முப்பது வயசு."

விசையில் கை வைத்தேன்.

"அடிக்காதீங்க. முதல்ல திருப்பிச் சொல்லுங்க."

"நூற்று ஏழு. முப்பது வயது."

அவள் விரலை வரியின்மேல் வைத்து, நான் சொன்னதைத் தாளோடும் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு திரையை எட்டிப் பார்த்தாள். சின்னதாக ஒரு குறி போட்டாள். பதினொரு ஆண்டுகளில் என் வேலையை ஒருவர் அவ்வளவு கவனமாகச் சரிபார்த்ததில்லை. அவளுக்கு மறுபடியும் தன் கண்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்பது அந்தக் குறியிலேயே தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

"ஐம்பத்தி ரெண்டு" என்றாள். "பதினஞ்சு வயசு. திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன்.